ஞானஸ்நானம் திருநாளுக்கு முன்பா, பின்பா?

புதிதாக உபதேசியார் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே,

பயிற்சியில் உங்களுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமையில் செபம் நடத்துவது, சாகக் கிடப்பவருக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது, கல்யாண ஓலை வாசிப்பது, எல்லாம் இப்போது உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆண்டவரைப் பின்பற்ற வாருங்கள் என்று மனிதர்களை அழைப்பது எப்படி என்று தனியாக ஒரு வகுப்பும் நடந்திருக்கும். நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவன்தான். ஆனால் அழைத்த பிறகு ஒருவர் நிஜமாகவே எழுந்து வந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்படியெல்லாம் நடக்கும் என்று வாத்தியார்களுக்கே தோன்றியிருக்காது.

எனக்கு நடந்தது. அதனால்தான் ஓய்வு பெற்றவன் சும்மா இருக்காமல் இதை எழுதுகிறேன்.

அது புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலம். இரண்டாவது உலகச் சண்டை இன்னும் ஆரம்பிக்கவில்லை. உள்ளூர்ச் சண்டைக்குக் குறைவில்லை. அன்னவாசலுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் என்னைப் போட்டிருந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். அன்று அடித்துக்கொண்டவர்களின் பேரன்மார் இன்று பங்கில் பெரிய ஆட்கள்.

ஊரில் இரண்டு தெரு, கீழத்தெரு, மேலத்தெரு. இரண்டும் வேதக்காரர் தெருக்கள். ஒரே கோயிலில் பூசை காண்பவர்கள், ஒன்றுக்குள் ஒன்று பெண் கொடுத்து எடுத்தவர்கள். வருடம் பூராவும் மாமன், மச்சான் என்று வெற்றிலை மாற்றிக்கொள்வார்கள். ஆவணியில் பாதுகாவலர் திருநாள் நெருங்கிவிட்டால் மட்டும் கண் சிவந்துவிடும். காரணம், சப்பரத்தின் முன் தண்டு. புனிதரின் சொரூபம் வைத்த சப்பரத்தைத் தோளில் தூக்க நீளமாக இரண்டு தண்டுகள் உண்டு. கோயில் வாசலை விட்டு இறங்கும்போது அவற்றின் முன்பக்கத்தை எந்தத் தெரு தோளில் வாங்குவது என்பதுதான் வழக்கு. பின்பக்கம் தூக்கினாலும் புனிதருக்கு அதே எடைதான். ஆனால் மானம் முன்பக்கத்தில்தான் இருந்தது.

இந்த மானத்தைக் காப்பாற்றக் கீழத்தெருக்காரர்கள் ஓர் ஆளைக் கூட்டி வந்தார்கள். பெயர் முத்துக்கருப்பன். பக்கத்துக் குக்கிராமத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி. வேதக்காரர் இல்லை, கருப்பர் கோயிலுக்குக் கிடாய் வெட்டும் குடும்பம். கம்பு சுற்றுவதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கண்மாய்த் தண்ணீர்த் தகராறா, எல்லைத் தகராறா, அவருக்குத்தான் ஆள் போகும். பாதி இடங்களில் அடிக்கவே வேண்டியிருக்காது. கம்போடு வந்து நின்றாலே கூட்டம் கலைந்துவிடும். நம்முடைய சப்பரத்துக்குக் கருப்பர் கோயில் ஆள் காவலா என்று நான் கேட்டதற்கு, கீழத்தெரு நாட்டாண்மை சூசை கூசாமல் பதில் சொன்னார்.

"நம்ம ஆளுக நம்ம ஆளுகளை அடிச்சாத்தானே உபதேசியாரே பாவம்? அவருதான் இன்னும் வேதத்துக்கே வரலையே."

அந்த வருடத் திருநாளில் மேலத்தெரு ராயப்பன் முன் தண்டில் கை வைத்தார். முத்துக்கருப்பனின் கம்பு அவருடைய வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, கடைசியில் கோணலாகக் கூடிவிட்டது. ராயப்பன் நல்ல ஏர்க்காரர். அதற்குப் பிறகு மேழியை அழுத்திப் பிடிக்க அவரால் முடியவில்லை. சாப்பிடும்போது அந்தக் கை வாய்க்குப் போகும் கோணத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

அடுத்த வருடம் தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரப்போகும் திருநாளைப் பற்றிப் பேச முத்துக்கருப்பனைச் சூசை வரச்சொல்லியிருந்தார். சூசை செபத்தில் இருந்ததால், அவர் கோயில் கதவோரம் கம்பை ஊன்றி நின்றபடி காத்திருந்தார். நான் அன்று, மீன்பிடிக்கிறவர்கள் ஆண்டவர் கூப்பிட்டதும் வலையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் போனதைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். பிரமாதமாகப் பேசியதாக எனக்கு நினைப்பு. முன்வரிசையில் பாதிப் பேர் தூங்கினார்கள்; அது வழக்கம்தான். கேட்டது கதவோரம் நின்றவர் மட்டும்.

செபம் முடிந்ததும் சூசையிடம் போகாமல் என்னிடம் வந்தார்.

"உபதேசியாரய்யா, ஒரு சந்தேகங்க. அவுக வலையைப் போட்டுட்டுப் போனாகன்னு சொன்னீங்க. அந்த வலையை அப்புறம் யாரு எடுத்தாக?"

எந்த வகுப்பிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை. "அவுக அப்பா படகுல இருந்தாரு. அவரு எடுத்திருப்பாரு" என்று சமாளித்தேன்.

"அப்பச் சரிங்க. வலை யார் கைக்குப் போனாலும் மீனுக்குத்தான் ஆபத்து." தன் கம்பைத் தூக்கிக் காட்டினார். "கம்பு அப்படியில்லீங்களே."

அடுத்த ஞாயிறும் வந்தார். பிறகு வாரநாளிலும் வர ஆரம்பித்தார். வேதத்துக்கு வர வேண்டும், ஞானஸ்நானம் வேண்டும் என்றார். நான் ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தேன். மனப்பாடம் அவருக்குச் சுத்தமாக வரவில்லை. விசுவாச மந்திரத்தில் பாதி தூரம் போய் நின்றுவிடுவார், தள்ளினாலும் நகராது. ஆனால் கேள்வி மட்டும் நிற்காது. "நம்மளை அடிச்சவனை மன்னிக்கணும், அது வெளங்குது. நாம அடிச்சவுககிட்ட என்ன செய்யணுங்க?" என்று கேட்பார். அதற்கும் நான் ஏதோ சொல்லிவைத்தேன். வைகாசியிலிருந்து அவர் கம்பில்லாமல் வந்ததைக் கவனித்தேன். கோயிலுக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இத்தனை வருடத்தில் என் பேச்சைக் கேட்டு ஒரே ஓர் ஆள் வருகிறார் என்றால் யாருக்குத்தான் தலை கனக்காது?

செய்தி ஊரில் பரவியது. ஆடி மாதம் சூசை என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள் தம்பிகளே, பழத்தோடு வருகிறவர் வேதத்தைப் பற்றிப் பேச வரமாட்டார்.

"முத்துக்கருப்பனுக்கு ஞானஸ்நானமாமே? ரொம்ப நல்ல காரியம்" என்று தொடங்கினார். "நாந்தான் ஞானத்தகப்பனா நிப்பேன். இப்பவே சொல்லிட்டேன். ஆனா, திருநாள் முடியட்டும்."

"ஏன்?"

"ஞானஸ்நானம் வாங்கிட்டா அவரு அடிக்கக் கூடாதுல்ல?"

"வாங்காட்டியும் அடிக்கக் கூடாதுதான்."

"அது சரி. ஆனா நீங்கதானே பாடம் நடத்துனீக? ஞானஸ்நானத்துல அதுவரைக்கும் செஞ்ச பாவமெல்லாம் கழுவிப் போயிரும்னு. எப்படியும் கழுவத்தான் போறீக. அதோட சேத்து ஒரு பாவம் கூடக் கெடந்தா தண்ணியா பத்தாமப் போகும்?"

நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை என்னைவிடத் தெளிவாக ஒருவர் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

அவர் போன மறுநாள் மேலத்தெரு நாட்டாண்மை வந்தார். அவரும் பழத்தோடு வந்தார். அவருக்கு ஆத்துமாக்களின்மேல் திடீரென்று அக்கறை பொங்கியிருந்தது.

"ஒரு ஆத்துமா வாசல்ல வந்து காத்துக் கெடக்கு. அதைக் காக்க வைக்கலாமா உபதேசியாரே? நாளைக்கே குடுத்துருங்க."

"சாமியார் வரணும். அவரு திருநாளுக்குத்தான் வருவாரு."

"அவசரம்னா நீங்களே குடுக்கலாமே!"

"சாகக் கெடந்தாத்தான் அவசரம். அவரு கல்லுக் குண்டாட்டம் இருக்காரு."

"அவரு இருக்காரு. திருநாளுக்கு நாங்க இருப்பமா?"

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அறுப்புக் காலத்தில் எனக்கு நெல் அளந்தது இரண்டு தெருவும்தான். ஞானஸ்நானம் முன்பு என்றால் கீழத்தெரு முகம் சுளிக்கும், பின்பு என்றால் மேலத்தெரு. ஒரு மனிதனின் மனந்திரும்புதலை இரண்டு தெருவும் பிடித்து இழுத்தன, அதுவும் சப்பரத்தின் தண்டுதான் என்பதுபோல. பங்குச் சாமியாரிடமே கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

சாமியார் வயதானவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் நமக்கு அன்று தூக்கம் போய்விடும். நான் போனபோது அவித்த கடலையை உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு தெருவின் நியாயத்தையும் சொன்னேன். நடுவில் ஒருமுறை மட்டும் சிரித்தார், தண்ணீர் பத்தாதா என்ற இடத்தில். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சூசையைக் கேட்டீர், மேலத்தெருவைக் கேட்டீர், என்னையும் கேட்டுவிட்டீர். அந்த மனுஷனைக் கேட்டீரா?" என்றார்.

கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அங்கிருந்து நேராக முத்துக்கருப்பன் வீட்டுக்குப் போனேன். அவரும் அவர் மனைவி வெள்ளையம்மாளும் களத்தில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"முந்தியா பிந்தியான்னு அவுகளுக்கு எதுக்குங்க கவலை?" என்றார் அவர். "தண்ணி ஊத்துனாத்தான் அடிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே. நீங்க சொன்னது எனக்கு வைகாசியிலயே வெளங்கிருச்சு. அப்பவே கம்பைக் குடுத்துட்டேன்."

"யார்கிட்ட?"

"ராயப்பண்ணன்கிட்ட."

"ராயப்பன்கிட்டயா? ஒடிச்சு அடுப்புல வெச்சிருக்கக் கூடாதா?"

"வெச்சிருக்கலாங்க. அவுக எப்படி நம்புவாக? இவன் வேற கம்பு வெட்டிக்கிருவான்னுதானே நெனைப்பாக? அதான் அவுக கையிலயே குடுத்து, மன்னிச்சுக்கங்கண்ணேன்னு சொன்னேன். வாங்கி வெச்சுக்கிட்டாக. ஒண்ணுஞ் சொல்லலை."

வெள்ளையம்மாள் சுளகைக் கீழே வைத்தார். "உபதேசியாரய்யா, நீங்கதான் சொல்லணும். இவரு கை ஓங்காத ஊரு இங்கிட்டு எது? கம்பு இருக்கவும்தான் அத்தனை பேரும் ஒதுங்கிப் போனாக. இல்லேன்னு தெரிஞ்சா ஒவ்வொருத்தரா வருவாக. திருநாளுக்கு நா போவேங்கிறாரு இவரு. வெறுங்கையோட."

"நிக்கிறேன்னு சூசை நாட்டாண்மைக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நிப்பேன். அடிப்பேன்னு வாக்குக் குடுக்கலை" என்றார் முத்துக்கருப்பன்.

அப்போது நான் செய்ததைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வலையைப் போட்டுவிட்டு வா என்று மாதக்கணக்கில் அந்த மனிதனை அழைத்தவன் நான். அன்று அதே வாயால், "அவ்வளவு தூரம் வேண்டாம்ணே. திருநாளன்னிக்கு ஒடம்பு சரியில்லைன்னு வீட்டுல இருந்துருங்க" என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பாடம் நடத்தியவருக்கே மந்திரம் பாதியில் நின்றுவிட்டதே என்று நினைத்திருப்பார்.

ஒரு வழிதான் பாக்கி. ராயப்பன் வீட்டுக்குப் போனேன். கம்பு மூலையில் சாத்தியிருந்தது. எண்ணெய் தடவிப் பளபளவென்று வைத்திருந்தார்.

"அவரு ஒங்களைத் தேடி வந்து மன்னிப்புக் கேட்டாராமே?"

"கேட்டாரு."

"மன்னிச்சிட்டீங்களா?"

ராயப்பன் தன் கோணல் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏழு தலைமுறை வேதக்காரர் அவர். "அதெல்லாம் நீங்க கோயில்ல சொல்லுங்க, முழங்கால்ல நின்னு கேட்டுக்கிறேன். வீட்டுக்கு வந்து சொல்லாதீங்க" என்றார்.

முத்துக்கருப்பன் அடிக்கமாட்டார் என்று கீழத்தெருவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்கள் வேறு அடியாளைப் பிடித்திருப்பார்கள். போன வருடம் ஒடிந்த ஒரு கைக்குப் பதில் நாலு கை ஒடிந்திருக்கும். அவருடைய முடிவை விற்கவோ தடுக்கவோ எனக்கு உரிமை இல்லை என்றும் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். வெள்ளையம்மாளின் முகம் மட்டும் திருநாள் வரைக்கும் என்னைத் தூங்கவிடவில்லை.

திருநாளன்று பொழுது சாயும் நேரம். சொரூபத்தை ஏற்றிப் பூச்சூட்டிச் சப்பரத்தை வாசலில் வைத்திருந்தோம். சாமியார் படியில் நின்றார். கொட்டுக்காரர்கள் அடிப்பதா ஓடுவதா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கீழத்தெரு, மறுபக்கம் மேலத்தெரு. நடுவில் முத்துக்கருப்பன், வெளுத்த வேட்டியும் வெறுங்கையுமாக.

அந்த வெறுங்கையைப் பார்த்ததும் கீழத்தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. "கம்பே வேணாமாம்டா, கையே போதுமாம்!" என்று விசில் பறந்தது. மேலத்தெருவுக்கோ கிலி பிடித்துவிட்டது. கம்புக்காரர் கம்பில்லாமல் வந்திருக்கிறார் என்றால் மடியில் என்னத்தை மறைத்து வைத்திருக்கிறாரோ என்று ஒருவரும் ஓரடி முன்னால் வைக்கவில்லை. கம்பைக் கையில் வைத்திருந்த ராயப்பனும் நகரவில்லை. எனக்கு மூச்சு வந்தது. அவர் இப்படியே சும்மா நின்றிருந்தால் போதும், ஒரு துளி ரத்தம் சிந்தாமல் கீழத்தெரு முன் தண்டைத் தூக்கியிருக்கும். புனிதரின் புதுமை என்று நானே பிரசங்கம் செய்திருப்பேன்.

ஆனால் அவரால் சும்மா நிற்க முடியவில்லை. தன்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பது தெரிந்ததும் மடியை அவிழ்த்து உதறிக் காட்டினார். "ஏங்கிட்ட ஒண்ணுமில்லைங்க. யாரும் பயப்பட வேணாம்" என்றார். பிறகு நடந்து போய் ராயப்பன் முன்னால் நின்றார்.

"அண்ணே, வீட்டுல வந்து கேட்டேன், நீங்க பேசலை. ஒடிச்சது ஊரு முன்னாடி. அதான் ஊரு முன்னாடி கேக்குறேன். இந்தக் கைதான் ஒங்க கையை ஒடிச்சது. மன்னிச்சுக்கங்க."

வலது கையை நீட்டினார்.

ராயப்பன் கம்பைக் கீழே போட்டுவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று நான் நினைத்தேன். உங்களைப் போல நானும் புனிதர்களின் சரித்திரம் நிறைய வாசித்தவன். ராயப்பன் இரண்டு கையாலும் கம்பை ஓங்கி அடித்தார். காய்ந்த விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

"வெட்டுங்கடா!" என்று சூசை கத்தினார். கீழத்தெரு திமுதிமுவென்று முன்னால் பாய்ந்தது. முத்துக்கருப்பன் ஒடிந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி அவர்கள் பக்கம் திரும்பினார். "ஒருத்தன் வரக்கூடாது!" என்றார். கண்மாய்க் கரைகளைக் காலி செய்த குரல் அது. அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். தன் தொழிலை அவர் கடைசியாகச் செய்தது அப்போதுதான், அதுவும் தன்னை அடித்தவருக்காக.

ராயப்பன் கம்பைப் பிடித்தபடி நின்றார். ஒரு வருடமாகக் காத்திருந்தது கைக்குக் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எதிரே நிற்பவரின் மணிக்கட்டு கண்ணெதிரே வீங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் முகத்தில் இருந்ததை வெற்றி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"மொதல்ல கையைக் கட்டுங்க. பவனி அப்புறம்" என்றார் சாமியார் படியிலிருந்து. கட்டு வைத்தியரின் ஊர் வெகுதூரம். மூங்கில் பத்தைக்கு எங்கே போவது என்று நான் முழித்தேன்.

"அருவா குடுங்கடா" என்றார் ராயப்பன். குரல் அவருடையதாகவே இல்லை. அங்கேயே குந்தி உட்கார்ந்து, அந்த மூங்கில் கம்பை முழ நீளத்துக்கு வெட்டினார். நெடுக்காகப் பிளந்தார். பிசிறு குத்தாமல் ஒவ்வொன்றாகச் சீவினார். கோணல் கையால் அரிவாளைப் பிடிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து மேலத்தெரு ஆள் ஒருவர் உதவிக்குப் போனார், தள்ளிவிட்டார்.

"எனக்குத் தெரியும். பத்தை அழுத்திக் கட்டுனாலும் கோணிக்கும், தளத்திக் கட்டுனாலும் கோணிக்கும். இவருக்குக் கோணக் கூடாது" என்றார். புது வேட்டியின் கரையைக் கிழித்துச் சுற்றும்போது அழுதுகொண்டிருந்தார். முத்துக்கருப்பனும் அழுதார், அது வலியால் என்று பிற்பாடு எங்களிடம் சாதித்தார்.

பிறகு சப்பரத்தைத் தூக்க வேண்டும். முன் தண்டுக்கு ஆள் இல்லை. "நீங்க புடிங்க மச்சான்" என்றது கீழத்தெரு. "இல்லையில்ல, நீங்க புடிங்க மாமா" என்றது மேலத்தெரு. விட்டால் இதற்கும் அடிதடி வரும்போல இருந்தது. கடைசியில் இருட்டுவதற்குள் எப்படியோ கலந்து தூக்கினார்கள்.

ஊர் அத்தோடு திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுவருடம் முன் தண்டுக்குச் சண்டை வரவில்லை. சப்பரத்துக்குக் குடை பிடிப்பது யார் என்று வந்தது.

திருநாளுக்கு மறுநாள் காலை ஞானஸ்நானம். நாள் கணக்கில் அது கீழத்தெரு கேட்டபடி பின்புதான்; கீழத்தெரு கேட்ட அடி மட்டும் விழவில்லை. "மந்திரமெல்லாம் தெரியுமா?" என்று சாமியார் என்னைக் கேட்டார். "விசுவாச மந்திரம் பாதியில நின்னுரும் சாமி" என்றேன். "நமக்கும் அங்கேதானய்யா நிற்கிறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய சூசை வரவில்லை. முத்துக்கருப்பன் நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டானாம். அவர் தரப்பில் நியாயம் இருக்கிறது. அடிக்கிற ஆளைத்தான் அவர் கூட்டி வந்தார். யார் நிற்பது என்று சாமியார் சுற்றிலும் பார்த்தார். கோயிலின் கடைசியிலிருந்து ராயப்பன் எழுந்து வந்தார். விடிவதற்கு முன்பே வந்து சாமியாரிடம் தன் பாவத்தைச் சொல்லி நெடுநேரம் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். வெள்ளையம்மாள் கதவோரம் நின்றார். அவர் வேதத்துக்கு வரவில்லை, கடைசிவரை வரவும் இல்லை. அன்று என்னிடம் ஒன்று சொன்னார்.

"இவரு அடிச்சுட்டு வந்த அன்னைக்கெல்லாம் பயந்து பயந்து முழிச்சுக் கெடந்தேன். அடி வாங்கிட்டு வந்த நேத்துத்தான் நிம்மதியாத் தூங்குனேங்க. இனிமே யாரு வந்து எதை ஒடிக்கப் போறாக?"

முத்துக்கருப்பன் முழங்காலில் நின்றார். தலையில் தண்ணீர் ஊற்றி முடிந்தது. சிலுவை அடையாளம் வரையச் சொன்னார் சாமியார். வலது கையை அவரால் அசைக்க முடியவில்லை. இடது கையைத் தூக்கப் போனார். இடது கையால் வரையக் கூடாது என்று தடுக்க நான் வாயெடுத்தேன். நமக்கு அதெல்லாம் சட்டென்று ஞாபகம் வந்துவிடும். அதற்குள் ராயப்பன் பக்கத்தில் முழங்காலிட்டார். தன் கோணல் கையால் அந்தக் கட்டுப்போட்ட கையை அடியிலிருந்து தாங்கி எடுத்தார். வலிக்காமல் மெதுவாக நெற்றிக்குக் கொண்டுபோனார். அப்புறம் மார்புக்கு, இடது தோளுக்கு, வலது தோளுக்கு. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூங்கில் பத்தை நெற்றியில் பட்டது. அந்தக் கம்பு எத்தனை நெற்றிகளைப் பிளந்திருக்குமோ தெரியாது. ஒரு நெற்றியைத் தொட்டுவிட்டுச் சும்மா திரும்பியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

தம்பிகளே, நீங்களும் நாளைக்கு அந்த வலைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்வீர்கள். முன்வரிசை தூங்கும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முடிந்ததும் கதவோரம் நின்ற யாராவது வந்து, அந்த வலையை யார் எடுத்தார்கள் என்று கேட்டால், படகில் அப்பா இருந்தார் என்று என்னைப் போலச் சமாளிக்காதீர்கள். கொஞ்சம் பயப்படுங்கள். அவர் வரத்தான் போகிறார்.